எக்ஸாஸ்டிவ்: கிணற்றை அடிவரை இறைத்த சொல்

போன சீசனில், கோத்தகிரி பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் பெண் ஒருவர் வகுப்புக்கு வந்ததும் வராததுமாகத் தன் போனை என்னிடம் நீட்டினார். “அக்கா, நான் அனுப்புன மெசேஜுக்கு கெஸ்ட் சிரிக்கிற பொம்மை போட்டிருக்காங்க. என்ன தப்புன்னு பாருங்களேன்.” அவர் அனுப்பியிருந்த வரி இது: “ஹியர் இஸ் அன் எக்ஸாஸ்டிங் லிஸ்ட் ஆஃப் பிளேசஸ் டு சீ.” பார்க்க வேண்டிய இடங்களை ஒன்று விடாமல் கொடுத்திருக்கிறேன் என்பது அவர் மனதில் இருந்தது. ஆளைச் சக்கையாகப் பிழிந்துவிடும் பட்டியல் என்பது விருந்தாளி படித்தது. கீழே 19 இடங்கள். இரண்டு நாள் தங்க வந்தவருக்கு 19 இடம் என்றால், தப்பாக எழுதியதும் ஒருவகையில் சரிதான்.

அவர் எழுத நினைத்த சொல் எக்ஸாஸ்டிவ். நான் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கடிதமும் ரிப்போர்ட்டும் எழுதிப் பல வருஷம் ஓட்டியவள். இப்போது குன்னூரில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கைடு, ஜீப் டிரைவர், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர், போட்டித் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் எனக் கலவையான கூட்டம். எல்லோரும் இடறி விழுகிற சொற்களில் இது முன்வரிசையில் இருக்கிறது. புதிதாகக் கற்கிறவர்கள் எந்த வரிசையில் போனால் இடறாமல் தப்பிக்கலாம் என்பதை எழுதிவைக்கிறேன்.

முதல் படி: சொல்லின் குடும்பத்தைப் பாருங்கள்

அகராதியைத் திறக்க வேண்டாம். இந்தச் சொல்லின் சொந்தக்காரர் ஒருவர் உங்கள் அடுப்படிச் சுவரிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்: எக்ஸாஸ்ட் ஃபேன். இன்னொருவர் பைக்கில் புகை கக்குகிறார். உள்ளே இருப்பதை இழுத்து வெளியே விடுவதுதான் இருவருக்கும் வேலை.

லத்தீனில் ‘ஹவுரீரே’ என்றால் நீர் இறைப்பது. அதன் முன்னால் வெளியே என்று பொருள்தரும் ‘எக்ஸ்’ ஒட்டிக்கொண்டால், மிச்சமில்லாமல் இறைத்துக் கொட்டுவது. எனக்குத் தாய்வீடு காரமடைப் பக்கம். கோடையில் எங்கள் கிணற்றைத் தூர் வாருவார்கள். முதலில் மோட்டார் போட்டு இறைப்பார்கள். மோட்டார் காற்றை உறிஞ்ச ஆரம்பித்ததும் இரண்டு பேர் இறங்கி வாளியில் மொண்டு கொடுப்பார்கள். அப்புறம் சேறு. சேற்றைக் கையால் துழாவும்போது போன வருஷம் விழுந்த சொம்பு, அதற்கும் முந்தின வருஷத்துக் கயிற்று வாளி, யாரோ போட்ட ஐந்து ரூபாய்க் காசு எல்லாம் மேலே வரும். அம்மா சொம்பை வாங்கிக் கழுவி மறுபடி திண்ணையில் வைப்பாள். எக்ஸாஸ்டிவ் என்றால் எனக்கு இந்தக் காட்சிதான். சொம்பு கிடைக்கிற வரைக்கும் இறைத்திருக்க வேண்டும். பாதிக் கிணறு இறைத்ததற்கு அந்தப் பெயர் கிடையாது.

இரண்டாவது படி: மூன்று உடன்பிறப்புகளைப் பிரித்து வையுங்கள்

குழப்பம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. எக்ஸாஸ்டட், எக்ஸாஸ்டிங், எக்ஸாஸ்டிவ். வாலைப் பார்க்காமல் தலையை மட்டும் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பர்லியாறிலிருந்து குன்னூர் வரைக்கும் மலைப்பாதையில் சைக்கிள் மிதித்து ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். அந்த ஏற்றம் எக்ஸாஸ்டிங்: அது உங்களை இறைக்கிறது. மேலே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்ட நீங்கள் எக்ஸாஸ்டட்: இறைக்கப்பட்ட கிணறு நீங்கள். சரக்கு தீர்ந்துபோனாலும் இதே சொல்தான். டீக்கடையில் பால் முழுதும் தீர்ந்துவிட்டால் பாலும் எக்ஸாஸ்டட். இப்போது அந்தப் பாதையில் உள்ள ஒவ்வொரு வளைவையும், ஒவ்வொரு பாலத்தையும், தண்ணீர் வடியும் ஒவ்வொரு இடத்தையும் ஒன்று விடாமல் யாரோ குறித்துவைக்கிறார். அவர் செய்த சர்வே எக்ஸாஸ்டிவ். இங்கே இறைக்கப்பட்டது மனிதர் அல்ல, விஷயம்.

ஆகவே எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி: தீர்ந்துபோனது எது? ஆளின் தெம்பு என்றால் முதல் இரண்டில் ஒன்று. சொல்ல வேண்டிய சங்கதி என்றால் மூன்றாவது. மூன்றையும் ஒரே வரியில் உட்காரவைக்கச் சொல்லி வகுப்பில் விளையாடுவோம். “தி எக்ஸாஸ்டிவ் சர்ச் வாஸ் எக்ஸாஸ்டிங், அண்ட் வீ வேர் எக்ஸாஸ்டட்.” ஒன்று விடாமல் தேடினோம், தேடல் எங்களைப் பிழிந்தது, நாங்கள் ஓய்ந்துபோனோம். இதை ஐந்து தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் குழம்பாது.

வாய்விட்டுச் சொல்வது என்றதும் உச்சரிப்பு. அழுத்தம் நடுவில், ‘ஸாஸ்’ மேல். எழுத்தில் எக்ஸுக்குப் பின்னால் ஹெச் நிற்கும், வாயில் அது வராது. எக்ஸ் எழுத்தும் இங்கே ‘க்ஸ்’ என்று சீறாமல், தேனீ ரீங்கரிப்பது போலத் தொண்டையில் அதிர்ந்து வரும். முன்னால் ‘அன்’ போடுங்கள், ‘ஏ’ போடாதீர்கள். இவ்வளவு போதும்.

மூன்றாவது படி: வேலியைப் போட்ட பிறகு சொல்லைப் போடுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எக்ஸாஸ்டிவ் என்றால் நீளம் என்று நினைக்கிறார்கள். பத்துப் பக்கம் எழுதினால் எக்ஸாஸ்டிவ், அரைப் பக்கம் என்றால் இல்லை என்று. அப்படிக் கிடையாது.

நீலகிரி மாவட்டத்தின் தாலுகாக்களை எழுதுங்கள்: உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். ஆறே பெயர், ஒரு வரி. ஆனால் இது எக்ஸாஸ்டிவ் பட்டியல், ஏனென்றால் ஏழாவது கிடையாது. மாறாக, நீலகிரியில் பூக்கும் செடிகள் என்று ஆரம்பித்து முந்நூறு பெயர் எழுதினாலும் அந்தச் சொல்லைப் போட முடியாது.

வேலி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பெயரை எழுதி “நீலகிரி மக்களின் எக்ஸாஸ்டிவ் பட்டியல்” என்று ஒரு கைடு தன் குறிப்பேட்டில் போட்டிருந்தார். வகுப்பில் இருந்த படகர் வீட்டுப் பையன் உடனே, “நாங்க எங்க இருக்கோம்?” என்றான். நியாயமான கேள்வி. ஆனால் அதே ஆறு பெயருக்கு மேலே, தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினராக அரசு வகைப்படுத்தியிருக்கும் பிரிவுகள் என்று தலைப்புப் போட்டால் பட்டியல் முழுமையாகிவிடும். பெயர்கள் மாறவில்லை, வேலி மாறியது.

இந்த விஷயத்தில் என் மரியாதைக்குரியவர் ஃபைசன். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1915 முதல் 1920 வரை வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே வேலி போட்டிருக்கிறார்: மலை உச்சிகள் மட்டும், அதுவும் 6,500 அடிக்கு மேலே. போதாததற்குத் துணைத் தலைப்பில் இன்னொரு வேலி. காட்டில் தானாக வளரும் பூக்கும் செடிகள், வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தவற்றில் பரவலாகக் காணப்படுபவை. அதாவது, வெளியூர்ச் செடி அத்தனையையும் சொல்லப்போவதில்லை என்று அட்டையிலேயே சொல்லிவிட்டார். குன்னூர் ஊர் சுமார் 6,000 அடி உயரம்தான். எங்கள் கடைவீதியில் முளைக்கும் செடியை அவர் விட்டிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. புத்தகத்தைத் திறக்கும் முன்பே கணக்கை நேர் செய்துவிட்டார் மனுஷன்.

பிளஸ் ஒன் கணிதம் படித்தவர்களுக்கு இந்த வேலி புதிதல்ல. நிகழ்தகவுப் பாடத்தில் ‘யாவுமளாவிய நிகழ்ச்சிகள்’ என்று படித்திருப்பீர்கள். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு அது எக்ஸாஸ்டிவ் ஈவென்ட்ஸ். பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எதுவோ ஒன்று விழுந்தே ஆக வேண்டும், அந்த ஆறையும் சேர்த்தால் வெளியே எதுவும் இல்லை. யாவும் அளாவிய! என்ன அழகான சொல். பரீட்சை முடிந்ததும் அதைத் தொலைத்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான்காவது படி: யாரோடு சேரும், யாரோடு சேராது

லிஸ்ட், சர்ச், சர்வே, ஸ்டடி, ரிசர்ச், ரிவ்யூ, என்கொயரி, இன்வெஸ்டிகேஷன். தேடுவது, எண்ணுவது, விசாரிப்பது, ஆராய்வது போன்ற வேலைகளோடும் அவற்றின் பலனோடும் இது சேரும். மனிதரோடு சேராது. “அவர் ஒரு எக்ஸாஸ்டிவ் ஆபீசர்” என்று எழுதினால் ஆங்கிலம் பேசுகிறவர் ஒரு கணம் விழிப்பார். ஆளைச் சொல்ல தரோ, மெட்டிகுலஸ் இருக்கின்றன. அறையைச் சுத்தம் செய்வதற்கும் வேண்டாம், அது தரோ கிளீனிங். வினையோடு வேண்டுமென்றால் எக்ஸாஸ்டிவ்லி: ஒரு விஷயத்தை எக்ஸாஸ்டிவ்லி விவாதித்தோம் என்றால் அதில் பேச இனி ஒன்றுமில்லை. ‘வெரி’ சேர்க்காதீர்கள். அடிவரை இறைத்த கிணற்றை இன்னும் கொஞ்சம் அடிவரை இறைக்க முடியுமா?

ஐந்தாவது படி: பக்கத்து வீட்டுச் சொற்கள்

நம் மொழியிலும் முழுமையைச் சொல்ல ஒரே சொல்லா இருக்கிறது? துருவித் துருவிக் கேட்டான் என்பது வேறு, சல்லடை போட்டுத் தேடினான் என்பது வேறு, மெனக்கெட்டுச் செய்தான் என்பது வேறு. ஆங்கிலத்திலும் அப்படித்தான்.

தரோ அன்றாடத்துக்கு. அது த்ரூ என்ற சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வருகிறமாதிரி, ஊடுருவிச் செய்த வேலை. டாக்டரின் செக்கப், வண்டி சர்வீஸ், அறை சுத்தம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். சந்தேகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தரோ போடுங்கள், பத்துக்கு ஒன்பது தடவை பிழைத்துக்கொள்வீர்கள்.

மெட்டிகுலஸ் ஆளின் கவனத்தைச் சொல்வது. அதன் லத்தீன் வேர் பயம். எங்கே தப்பாகிவிடுமோ என்று பயந்து பயந்து செய்கிறவர் என்ற பொருளிலிருந்து, இம்மி பிசகாமல் செய்கிறவர் என்ற நல்ல பொருளுக்கு ஏறி வந்த சொல். கோலத்தில் ஒரு புள்ளி நகர்ந்தாலும் அழித்துவிட்டு மறுபடி வைக்கிற பாட்டி மெட்டிகுலஸ்.

காம்ப்ரிஹென்சிவை ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வண்டி இன்ஷூரன்ஸ் பேப்பரில் பார்த்திருப்பார்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி எதிராளிக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும். காம்ப்ரிஹென்சிவ் எடுத்தால் நம் வண்டிக்கான சேதம், திருட்டு, தீ, வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் கைக்குள் வரும். அந்தச் சொல்லின் வேரும் அதுதான், சேர்த்துக் கைக்குள் பிடிப்பது. ஆனால் நாள்பட்ட தேய்மானத்துக்குப் பணம் வராது. குடித்துவிட்டு ஓட்டி இடித்தாலும் வராது. ஆக, காம்ப்ரிஹென்சிவ் என்றால் பரந்த பிடி, விரலிடுக்கில் ஒன்றிரண்டு நழுவலாம். எக்ஸாஸ்டிவ் என்றால் நழுவக் கூடாது. இதை ஒரு டிரைவரிடம் சொன்னபோது, “அப்போ எக்ஸாஸ்டிவ் பாலிசின்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்கக்கா, நாளைக்கே எடுத்துடறேன்” என்றார். எந்தக் கம்பெனி அந்தச் சொல்லை எழுதிக் கையெழுத்துப் போடும்?

கையெழுத்து என்றதும் என் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. நான் வேலை பார்த்த ஃபேக்டரியில் ஒரு வருஷம் ஆடிட்டுக்காக மெஷின் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். நோட்டும் பேனாவுமாக மாடியிலிருந்து இறங்கினேன். கொழுந்து வாடப் போடும் தொட்டிகள், அவற்றின் ஃபேன்கள், கீழே கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷின், டிரையர், சலிக்கிற மெஷின், எடைத் தராசு. மோட்டார் நம்பரைக்கூடத் துணியால் துடைத்துப் பார்த்து எழுதினேன். மூன்று நாள் வேலை. தேயிலைத் தூசியில் தும்மல் வேறு. டைப் செய்து முடித்ததும் பெருமை தாங்காமல் மேலே “எக்ஸாஸ்டிவ் லிஸ்ட் ஆஃப் மெஷினரி” என்று போட்டுவிட்டேன். ஆடிட்டர் கையில் காகிதத்தோடு ஒரு சுற்று நடந்து வந்தார். டிரையர் ரூமில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விடுபட்டிருந்தது எக்ஸாஸ்ட் ஃபேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இதுவேதான். ஆளைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டுத் தந்தார். ‘லிஸ்ட் ஆஃப் மெஷினரி’ என்று மட்டும் இருந்திருந்தால் ஒரு ஃபேனை எழுதிச் சேர்த்திருப்போம், கதை முடிந்திருக்கும். அந்தச் சொல்லைப் போட்டதால் மீதிப் பட்டியலின் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்து, எல்லாவற்றையும் மறுபடி எண்ணவைத்தார்.

ஆறாவது படி: ‘நாட்’ போட்டு எழுதப் பழகுங்கள்

இதனால்தான் இந்தச் சொல்லை அலுவலகக் காகிதங்களில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது எதிர்மறையாக. “திஸ் லிஸ்ட் இஸ் நாட் எக்ஸாஸ்டிவ்.” ஒப்பந்தம், விதிமுறை, விண்ணப்பம் எதை எடுத்தாலும் பட்டியலுக்குக் கீழே இந்த வரி ஒளிந்திருக்கும். இதில் சொன்னவை எடுத்துக்காட்டுக்குத்தான், சொல்லாதவையும் சேரலாம் என்று அர்த்தம். பொடி எழுத்தில் இருக்கிறதே என்று தாண்டிப் போய்விடாதீர்கள், சண்டை வரும்போது அந்த வரிதான் பேசும்.

உங்களுக்கும் அது உதவும். ஹோம்ஸ்டே வாசலில் விதிகள் ஒட்டுகிறீர்கள். தோட்டத்தில் நெருப்பு மூட்டக் கூடாது, குரங்குக்குத் தீனி போடக் கூடாது, இருட்டிய பிறகு காட்டெருமை நிற்கும் பக்கம் போய் செல்ஃபி எடுக்கக் கூடாது. மூன்றும் எழுதிவிட்டீர்கள். மறுநாள் ஒருவர் சத்தமாக ஸ்பீக்கர் வைத்துவிட்டு, “இது போர்டில் இல்லையே” என்பார். அடியில் நாட் எக்ஸாஸ்டிவ் என்று ஒரு வரி இருந்தால் விரலால் காட்டிவிட்டுப் போகலாம். இன்னும் பணிவாக வேண்டுமென்றால் “பை நோ மீன்ஸ் எக்ஸாஸ்டிவ்” என்று எழுதலாம், எந்த வகையிலும் முழுமையானதல்ல என்ற தொனி வரும். கிட்டத்தட்ட முடித்துவிட்டோம் என்றால் “ஆல்மோஸ்ட் எக்ஸாஸ்டிவ்”. இந்த மூன்றையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள், யாரும் உங்களை டிரையர் ரூமுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள்.

இனி பயிற்சி. உங்கள் சமையலறை டப்பாக்களில் இருப்பவற்றை ஆங்கிலத்தில் பட்டியல் போடுங்கள். மேலே வேலியை ஒரு வரியில் எழுதுங்கள்: எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்தத் தேதி. எழுதி முடித்ததும் வீட்டில் வேறு ஒருவரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவர் ஒரு டப்பாவையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்றால் மட்டும் தலைப்பில் எக்ஸாஸ்டிவ் சேருங்கள். என் வகுப்பில் முதல் தடவையே சேர்த்தவர் இதுவரை யாரும் இல்லை. பெருங்காய டப்பா எப்போதும் எங்கேயோ பின்னால் போய் நின்றுகொள்கிறது.

கோத்தகிரிப் பெண்ணின் பட்டியலையும் அன்றைக்கே உட்கார்ந்து பார்த்தோம். எக்ஸாஸ்டிங்கை எக்ஸாஸ்டிவ் என்று மாற்றினால் போதும் என்றுதான் அவர் பேனாவை எடுத்தார். “இரு, இறைச்சுப் பார்ப்போம்” என்றேன். டால்பின் நோஸ் இரண்டு தடவை வந்திருந்தது. ஆக 18. சிம்ஸ் பார்க், லாம்ப்ஸ் ராக், கேத்தரின் அருவி, ஊட்டி தாவரவியல் பூங்கா எல்லாம் இருந்தன. கொடநாடு காட்சிமுனையைக் காணோம். அவர் வீட்டு முன்னால் போகிற சாலையில் நேராகப் போனால் அங்கேதான் போய் நிற்கும்.

“இதை ஏம்மா விட்டே?”

“அது நம்ம ஊருதானேக்கா? அதையும் எழுதணுமா?”